கித்தான் கூண்டும் ஸ்பிரிங் பட்டையும்

எனக்கு அன்றும் வண்டி ஓட்டத் தெரியாது, இன்றும் தெரியாது. அதனால்தான் அந்தப் பிக்கப்பை வாங்கும்போது பாதிப் பணம் என்னுடையதாக இருந்தும், பதிவு முழுக்க என் அறைத்தோழியின் பெயரில் ஆனது. அதை அப்போது நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஓட்டுகிறவள் பெயரில் இருப்பதுதான் சௌகரியம் என்று நானேதான் சொன்னேன்.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் நான் தாவரவியல் டீச்சர், அவள் கணக்கு டீச்சர். பள்ளி கொடுத்த குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளை தேடி அலுத்துப்போயிருந்தார்கள். நான் சேலம் டவுன்காரி. அவள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள், காப்பிச் செடிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். தாவணி போட்ட வயதிலேயே எஸ்டேட் ஜீப்பை ஓட்டப் பழகியிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் எதிரே வரும் பஸ் டிரைவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

வண்டி, ஓர் எஸ்டேட்டில் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய டீசல் ஜீப். பின்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு, உரமூட்டை ஏற்றுவதற்காகத் தகரத்தில் தொட்டி மாதிரி கட்டியிருந்தார்கள். அதை வாங்கும் யோசனை அவளுடையது. அதில் போய் மலையில் எங்காவது ராத்தங்கிவிட்டு வரலாம் என்ற யோசனை என்னுடையது. இந்த இரண்டும் ஒரே யோசனை என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் கிளம்பிவிடுவோம். மஞ்சக்குட்டைப் பக்கம், செம்மநத்தம் பக்கம், சில வாரம் குப்பனூர் ரோட்டில் பாதி மலை இறங்கி. எனக்குப் பெரணிகள் மேல் பைத்தியம். ஓடைக் கரையிலும் பாறை இடுக்கிலும் குனிந்து தேடிக்கொண்டே நாள் போய்விடும். தங்குவது மட்டும் யாராவது விவசாயியின் களத்து ஓரத்தில், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். இரண்டு பொம்பளைகள் தனியாகக் காட்டுக்குள் படுக்கக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் இலைகளைப் பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது அவள் அந்த வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு யாரோடும் பேச வரும். எனக்கு வராது. அதனாலேயே அவள் இருப்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஐப்பசி மழை ஒன்றில் நன்றாக மாட்டிக்கொண்டோம். மேலே போர்த்தியிருந்த தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. பாய், போர்வை, ஸ்டவ், நான் சேகரித்த இலைகள் எல்லாம் தொட்டிக்குள் மிதந்தன. முன் சீட்டில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு விடியும்வரை நடுங்கினோம். காலில் ஏறிய அட்டைகளை அவள் உப்பு வைத்து எடுத்துப் போட்டபடியே சிரித்தாள். "இப்பிடியே போனா ஒரு நாளு ரெண்டு பேரும் ஜன்னி வந்து செத்துப்போவோம் புள்ள. வண்டிய ஒழுங்கு பண்ணோணும்."

வண்டியை ஒழுங்கு பண்ணுவது அடுத்த சில மாதங்களுக்கு எங்கள் பேச்சாகிப் போனது. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, பரீட்சை ஹாலில் காவல் நிற்கும்போது, ரேஷன் வாங்கப் போகும்போது எல்லாம் அதே பேச்சு. எங்கள் சம்பளத்துக்கு எல்லாவற்றையும் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது, எதைப் பழைய சாமானில் முடிப்பது என்பதில்தான் விஷயம் இருந்தது.

எனக்கு வேண்டியவை சாதாரணமானவை. மேலே ஒரு கித்தான் கூண்டு. உள்ளே ஒரு பக்கமாக மரப்பெட்டி, மூடினால் அதுவே கட்டில். தண்ணீர் கேன் உருளாமல் நிற்க ஒரு சட்டம். மூடுபனிக்கு முன்னால் ஒரு மஞ்சள் லைட்.

"மொதல்ல கூண்டு," என்றேன். "தலைக்கு மேல ஒண்ணு இல்லாம மத்தது எதுக்கு?"

"கூண்டு எங்க ஓடிப்போவுது? மொதல்ல அடியப் பாக்கோணும். ஸ்பிரிங்கு பட்டை நொம்பத் தளந்து கெடக்குது. ரெண்டு பட்டை சேத்துப் போட்டுறலாம்."

"நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குடி அவ்வளவு பட்டை?"

"செம்மநத்தம் ரோடு உனக்குத் தெரியாதா? பட்டை ஒடிஞ்சு நடுவழியில நின்னா உன் செடியவா கொண்டாந்து முட்டுக் குடுக்கறது?"

இப்படி ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. பின்னால் நல்ல டயர் வேண்டும், சேற்றில் சறுக்கக்கூடாது. பக்கப் பலகையை உயர்த்த வேண்டும், தூக்கத்தில் உருண்டு விழக்கூடாது. தொட்டியின் தரைக்குக் கெட்டித் தகடு வேண்டும், கீழேயிருந்து ஈரம் ஏறக்கூடாது. எல்லாமே எனக்காகச் சொன்ன மாதிரி இருந்தது. என் இடுப்பு, என் சளி, என் பயம். என்னைப் பற்றி ஒருத்தி இவ்வளவு யோசிக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துகூட இருந்தது.

கடைசியில் அவள் சொன்னவை எல்லாம் முதலில் நடந்தன. மஞ்சள் லைட்டை விட்டுவிட்டோம். தண்ணீர் கேனைக் கயிற்றால் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

எதையும் மலிவாக முடிப்பதில் அவள் கெட்டிக்காரி. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். லாரியிலிருந்து கழற்றிய பட்டைகளைக் காலால் உதைத்து, சத்தத்தைக் கேட்டு, இது வேண்டாம் அது வேண்டாம் என்று தள்ளினாள். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டாள். அவர் கூப்பிட்டார். அந்த வெயிலில் எனக்குக் கால் வலித்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன். ரோட்டோரம் நின்று தட்டுவடை செட் தின்றோம், காரத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. என் கைக்குட்டையை வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

பட்டை போட்டபிறகு வண்டி ஓட்டம் மோசமாகிவிட்டது. முன்பு தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போகும். இப்போது சின்னக் கல்லுக்கெல்லாம் துள்ளியது. மஞ்சக்குட்டைக்குப் போய் இறங்கும்போது எனக்குக் குடலே இடம் மாறியதுபோல் இருந்தது.

"முன்னாடியே தேவலாம்போல இருக்கே," என்றேன்.

"வெறும் வண்டியில்ல? அதுதான் துள்ளுது. பாரம் ஏறினா சரியாப் போயிரும்."

"நாம ரெண்டு பேரும் பாரமில்லையா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கூண்டுக்குக் காசு மிஞ்சவில்லை. அதனால் அதை என் டியூஷன் பணத்தில் நானே செய்துகொள்கிறேன் என்றேன். கடைவீதியில் சீட் கவரும் படுதாவும் தைக்கிற பாய் ஒருவர் இருந்தார். பச்சைக் கித்தானை நானே தேர்ந்தெடுத்தேன். இரும்புச் சட்டத்தை வண்டியோடு வெல்டிங் வைத்துவிடலாம் என்றார் அவர். அவள் வேண்டவே வேண்டாமென்றாள்.

"போல்ட் போட்டு வைங்க பாய். வேணும்னா கழட்டறாப்பல இருக்கோணும்."

வெயில் காலத்தில் கூண்டில்லாமல் வானத்தைப் பார்த்துப் படுக்கலாம், அதற்காகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எல்லா வேலையும் முடிந்து நாங்கள் போன முதல் பயணம் செம்மநத்தத்துக்கு. அடுத்த வருஷம் கார்த்திகை மாதம் என்று ஞாபகம், மழை ஓய்ந்து மலை முழுக்கக் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கூண்டுக்குள் இலவம்பஞ்சு மெத்தை விரித்து, பக்கத்துக் கித்தானைச் சுருட்டிக் கட்டிவிட்டு, காலையில் படுத்தபடியே பார்த்தேன். களத்துக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு மரங்கள் காய்த்துத் தொங்கின. அந்த வீட்டு அம்மா கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். "நல்லாக் குடிங்க சாமி, குளுருக்கு எதமா இருக்கும்," என்றார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலை ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் ஆரஞ்சு மரத்தடியில் வீட்டுக்காரரோடு நின்றிருந்தாள். பேச்சு எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, இந்த மரமெல்லாம் யாரு எடுக்கறாங்க?"

"சேலத்து ஏவாரிதானுங்க. பூ விடறப்பவே முன்பணம் குடுத்துட்டுப் போயிருவாரு. அப்பறம் அவரு சொல்றதுதான் வெலை."

"வர்ற வருசம் அவருக்குக் குடுக்காதீங்க. சித்தெ பொறுங்க."

இந்தக் கடைசி வார்த்தை உட்பட எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கஞ்சி குடித்தேன். கணக்கு டீச்சர், எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுவாள் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வருஷம் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. அவள் அப்பாவைப் பார்க்கக் குப்பனூர் போகிறேன் என்று வியாழனே வண்டியோடு போயிருந்தாள். ரைட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எஸ்டேட் வீட்டைக் காலி செய்தபின் அவர் அங்கேதான் வாடகை வீட்டில் இருந்தார். நான் கடைவீதிக்குப் போனேன். கூண்டின் ஜன்னலுக்குக் கொசுவலை தைத்துத் தரும்படி பாயிடம் சொல்லியிருந்தேன். அவளிடம் சொல்லாமல் மாட்டி வைத்து அவளை அசத்த வேண்டும் என்று ஆசை.

பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க டீச்சரம்மா. கூண்டுக்கு ஆள் கெடைச்சாச்சுங்க. டீக்கடைக்காரர் ஒருத்தர் முன்னாடி பந்தலாட்டம் இழுத்துக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்காரு."

"எந்தக் கூண்டுக்கு?"

அவர் கடைக்குள்ளே சுவரோரம் பார்த்தார். என் பச்சைக் கித்தான் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரும்புச் சட்டம், போல்ட்டுகள் ஒரு டப்பாவில்.

"முந்தாநாளு டீச்சர்தானுங்க கழட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. வித்துக் குடுக்கச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்..." அவர் குரல் இறங்கிப்போனது. "செம்மநத்தத்துல பழம் ஏத்தப் போயிருக்காங்க. மத்தியானம் இப்பிடித்தான் வருவாங்க. உக்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். கொசுவலை என் மடியில் இருந்தது. ஏதோ தவறாகச் சொல்கிறார், வண்டி வந்தால் தெரிந்துவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

வண்டி வந்தது. உயர்த்திய பக்கப் பலகைக்கும் மேலே ஆரஞ்சுக் கூடைகள் அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். கடைக்கு முன்னால் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும், அங்கே எப்போதும் தூக்கிப் போடும். அன்றைக்கு வண்டி துள்ளவே இல்லை. பாரத்தில் அமுங்கி, தரையோடு ஒட்டிக்கொண்டு, அவ்வளவு அழகாக வந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பட்டை, டயர், பலகை, தகடு, கழற்றுகிற மாதிரி போல்ட். இவை எல்லாம் எதற்கென்று அந்த வண்டியே எனக்குச் சொல்லிவிட்டது.

என்னைப் பார்த்து நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வாங்கறப்பவே," என்றாள்.

"அப்ப நாம போனதெல்லாம்?"

"போனதெல்லாம் போனதுதான். நீ செடி பாத்தே. நான் தோட்டம் பாத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டே. குடுத்திருப்பே. அப்பறம் கூடைக்கு நடுவுல ஏறி உக்காந்துக்கிட்டு, அங்க நிறுத்து இங்க நிறுத்துன்னுவே. ஏவாரம் ஆவாது புள்ள." அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கில் எங்கே தப்பு என்று காட்டுவாளே, அதே குரல். "பழம் வெயில்ல காயுது. சாயங்காலம் ரூமுல பேசிக்கலாம்."

போய்விட்டாள். பாய் உள்ளே திரும்பித் தையல் மெஷினில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக.

சாயங்காலம் அறைக்கு வந்தாள். குளித்தாள். எப்போதும்போல எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டாள். ஜனவரியோடு வேலையை விடுகிறாளாம், தலைமையாசிரியையிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாளாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"எங்கப்பா ஆயுசு முழுக்க அடுத்தவன் தோட்டத்துக்குக் கணக்கு எழுதினாரு," என்றாள். "கடைசியில ஊட்டக் காலி பண்ணுன்னு சொன்னப்ப போக்கிடம் இல்ல. நானும் இங்க கெழவியாகி அப்பிடித்தான் எறங்கிப் போவோணுமா? நீ டீச்சரா இருக்கப் பொறந்தவ. நான் அப்பிடியில்ல."

அவள் சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்.

"மழையில நனைஞ்சுக்கிட்டு வண்டில உக்காந்திருந்தோமே," என்றேன். "அப்பகூடவா?"

"அப்பத்தான் பட்டை போடோணும்னு உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சேன்." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்பிடி இல்ல. உங்கூட இருந்தது பொய்யில்ல."

"எது பொய்யில்லன்னு நீயே பிரிச்சு எடுத்துச் சொல்லு. எனக்குத் தெரியல."

அவள் காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனாள்.

என் பங்குப் பணத்தை அந்த வாரமே கொண்டுவந்து வைத்தாள், கூண்டு விற்கும் பணமும் எனக்கே என்றாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜனவரி கடைசியில் தன் டிரங்குப் பெட்டியையும் படுக்கையையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் வகுப்பில் இருந்தேன். ஜன்னல் வழியாக வண்டிச் சத்தம் கேட்டது. பிள்ளைகளுக்கு மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை.

அதன்பின் அறை எனக்குப் பெரிதாகிவிட்டது. கித்தானை டீக்கடைக்காரருக்கே கொடுத்துவிடும்படி பாயிடம் சொன்னேன். அவர் கூலி எதுவும் பிடித்துக்கொள்ளாமல் பணத்தைக் கொடுத்தார். வாங்கும்போது எனக்கு அழுகை வந்தது, அவருக்கு அது தெரிந்துவிட்டது.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீம்புக்காகத் தனியாகக் கிளம்பினேன். பஸ்ஸில் மஞ்சக்குட்டை போய் இறங்கி, நாங்கள் வழக்கமாகத் தங்கும் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். அந்தத் தோட்டக்காரர் என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"வாங்க டீச்சர். வண்டி வரலீங்களா? பலா முத்திப்போச்சு, எப்ப எடுக்கறீங்கன்னு கேக்கோணும்னு இருந்தேன்."

"எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

அவர் நம்பவில்லை. "என்னங்க இப்பிடிச் சொல்றீங்க. மொத மொத வந்தப்பவே அந்தம்மா சொன்னாங்களே. நாங்க ரெண்டு பேருந்தான் கூட்டு, இந்த டீச்சரு படிச்சவங்க, ஏமாத்த மாட்டாங்கன்னு. உங்களப் பாத்துத்தானுங்க நாங்க ஒத்துக்கிட்டோம்."

நான் இலை பொறுக்கிக்கொண்டு திரிந்ததும், யாரோடும் பேசத் தெரியாமல் ஒதுங்கி நின்றதும், அவர்கள் கண்ணுக்கு நாணயமாகத் தெரிந்திருக்கிறது. அந்த நாணயத்தை அவள் காட்டிக் காட்டி வீடு வீடாகப் பேசி முடித்திருக்கிறாள். பணம் திரும்பி வந்துவிட்டது. இதை எப்படித் திரும்ப வாங்குவது? அந்த மனிதர் நல்லவர். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். நான் நிற்காமல் வந்த வழியே நடந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆனது. அந்தக் காலை முழுக்க ஓர் இலையைக்கூட நான் பறிக்கவில்லை.

அதற்குப்பின் சில வருஷங்கள் மலைக்குள் போகவே இல்லை. பிறகு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது, போனேன். பெரணிகளைக் காட்டினேன். பழைய இடங்களை மட்டும் தவிர்த்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஒருமுறை சேலத்துப் பழமண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பழம் வாங்கப் போயிருந்தேன். "புள்ள" என்று யாரோ கூப்பிட்டார்கள். என்னை இரண்டாவது முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள்தான். முடி நரைத்திருந்தது, நல்ல சேலை கட்டியிருந்தாள். பின்னால் அவளுடைய வேன் ஒன்றில் ஆட்கள் கொய்யாக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தட்டுப் பழத்தை என் பையில் போட வந்தாள். பையை நான் பின்னால் இழுத்துக்கொண்டேன். அப்படிச் செய்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னாள். குப்பனூரில் சொந்தமாக வீடு கட்டியிருப்பதைச் சொன்னாள். செம்மநத்தத்து அம்மா என்னை இன்னமும் விசாரிப்பதாகச் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"ஊட்டுக்கு ஒரு நாள் வாயேன்," என்றாள். பிறகு, "இன்னமும் கோவம் இருக்குதா?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட விதத்தில், இல்லை என்று சொன்னால் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று தெரிந்தது.

"இருக்குது," என்றேன்.

அவளை யாரோ எடை போடக் கூப்பிட்டார்கள். "சரி புள்ள," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் வாங்க வந்த வாழைப்பழத்தை அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.